அப்பாவுக்குச் சத்தம் போடாத கம்ப்யூட்டர், 30,000 ரூபாய்க்குள் முடியுமா?

கும்மோணத்தான் (கேள்வி):

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்து வீட்டில் அப்பா அம்மா இருவர்தான். அப்பாவுக்கு 72 வயது. கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். இப்போது தெருப் பிள்ளையார் கோயிலின் வரவு செலவை எக்ஸெலில் போட்டுவருகிறார். சுண்டல் செலவு நானூறு ரூபாய் என்றால் அதற்கு ஏழு பத்தி இருக்கும். அது போகக் காலையில் இ-பேப்பர், மத்தியானம் யூடியூபில் பழைய கச்சேரி, ராத்திரி என் பெண்ணோடு வீடியோ கால். கேம் கிடையாது, எடிட்டிங் கிடையாது.

இருக்கிற சிஸ்டம் 2013-ல் நான் அசெம்பிள் செய்து கொடுத்தது. கோர் ஐ3-3220, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. அந்த விண்டோஸுக்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. 11 போடலாம் என்றால் இன்டெலில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இது 3-ஆம் தலைமுறை. நெட் பேங்கிங்கும் அதில்தான் பார்க்கிறார் (பாஸ்வேர்டு டைரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அது வேறு கதை), அதனால் அப்படியே விட மனசில்லை.

ஆனால் நான் இங்கே வந்தது அதற்காக இல்லை, சத்தத்துக்காக. அப்பா இரண்டு வருடமாகக் காது மிஷின் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரைப் போட்டதும் "சிள்வண்டு கத்துதுடா" என்பார். நான் கேபினட்டில் காதை ஒட்டிப் பார்த்தேன், ஃபேன் காற்றுச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. அம்மாவுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் அவர் என்ன செய்கிறார் என்றால், மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார். அம்மா சமையலறையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு நாலாவது தடவை கரண்டியோடு நேரில் வருகிறார். வீடியோ காலில் பேத்தி கத்துகிறாள், இவர் "என்னம்மா, என்னம்மா" என்கிறார். இப்போது வீடியோ கால் எடுப்பதையே குறைத்துக்கொண்டார்.

உள்ளூர்க் கடையில் கேட்டேன். ஐ3-12100எஃப், 2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி, கண்ணாடி வைத்த கேபினட்டில் மூன்று கலர் லைட் ஃபேன், கூடவே எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரன்ட் கொடுக்கும் பெட்டி), எல்லாம் சேர்த்து 34,000 என்றார்கள். மானிட்டர், கீபோர்டு பழையதே போதும். என் பழைய லேப்டாப்பில் 8 ஜிபி டிடிஆர்4 ராம் சும்மா கிடக்கிறது, அதைப் போட்டுக் கொஞ்சம் குறைக்கலாமா? பெட்டி வைக்கப்போவது ஹாலில் கடப்பா கல் அலமாரியின் கீழ்த்தட்டில். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

ரிச்சி_வாசி:

பாஸ், அந்தக் கொட்டேஷனை அப்படியே மடித்து வைத்துவிடுங்கள்.

முதலில் அந்த 'எஃப்'. இன்டெல் பிராசசர் பெயருக்குப் பின்னால் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் (திரையில் படம் காட்டும் பகுதி) கிடையாது என்று அர்த்தம். அதனால்தான் கார்டு ஒன்றைத் தலையில் கட்டுகிறார்கள். எஃப் இல்லாத ஐ3-12100 வாங்கினால் யுஎச்டி 730 உள்ளேயே இருக்கிறது, யூடியூபுக்கும் எக்ஸெலுக்கும் அது தாராளம். கார்டு போனால் ஒரு ஃபேனும் போகிறது. நாலு கோர், எட்டு த்ரெட், 60 வாட்ஸ் ரகம். அப்பா அதன் கால்வாசியைக்கூடத் தொடமாட்டார். ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5600ஜி நல்ல விலைக்குக் கிடைத்தால் அதுவும் சரிதான்.

லேப்டாப் ராம் பொருந்தாது. நீளத்தில் பாதிதான் இருக்கும், அதன் ஸ்லாட்டே வேறு. புதிதுதான் வாங்க வேண்டும், ராம் விலை இப்போது இருக்கிற இருப்பில் வயிறு எரியும். 8 ஜிபி ஒரே குச்சியாக வாங்கி இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். மதர்போர்டு எச்610 போதும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் எச்610 வருகிறது, பெட்டியின் மேல் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். இந்தத் தப்பைப் பண்ணிவிட்டு சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே திரும்பி ஓடிவந்தவன் நான்.

இனி சத்தம். கேபினட்டோடு வரும் லைட் ஃபேன்களில் பாதி, நாலு முள் பெரிய பிளக்கில் நேராக எஸ்எம்பிஎஸ்ஸில் சொருகுகிற வகை. அதற்கு எப்போதும் முழு 12 வோல்ட், எப்போதும் முழு வேகம். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) என்ன மாற்றினாலும் அது கேட்காது. உங்களுக்குப் பின்னால் ஒரே ஒரு 120 எம்எம் ஃபேன் போதும், மதர்போர்டில் சொருகுவதாகப் பார்த்து வாங்குங்கள். இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் நம்பாதீர்கள். இந்த சிஸ்டம் முழு மூச்சில் ஓடினாலும் 100 வாட்ஸைச் சுற்றித்தான் இழுக்கும், ஸ்டிக்கரில் 450 என்று இருப்பதில் பயனில்லை. உள்ளே இருப்பது 80 எம்எம் குட்டி ஃபேனா, 120 எம்எம் ஃபேனா என்பதுதான் விஷயம். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்சிக்கன முத்திரை உள்ளதாக, பெரிய ஃபேன் உள்ளதாகத் தனியே வாங்குங்கள்.

கடப்பா கல் தட்டு எனக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கம் அடைத்திருந்தால் சூடான காற்று சுற்றிச் சுற்றி அங்கேயே வரும், ஃபேன் ஏறும். பின்னால் ஒரு சாண் விடுங்கள். அடியில் சைக்கிள் டியூபை வெட்டி நாலு மூலைக்கும் கொடுங்கள், இல்லையென்றால் தகரத்தின் அதிர்வைக் கல் வாங்கி ஹாலுக்கே படிக்கும்.

பழசே_போதும்:

எதற்குப் புதிது? கம்பெனிகள் கழித்துவிட்ட குட்டி டெஸ்க்டாப்புகள் இப்போது எக்கச்சக்கமாக வருகின்றன. ஐ5-8500டி போட்டது ஒன்று பாருங்கள், ஆறு கோர், 35 வாட்ஸ்தான். 8-ஆம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 ஏறும். ராமும் எஸ்எஸ்டியும் உள்ளேயே இருக்கும், ராம் விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் அதுவே பெரிய லாபம். உங்கள் பட்ஜெட்டில் பாதி மிஞ்சும். மானிட்டர் முதுகிலேயே திருகி மாட்டலாம், கடப்பா கல்லும் வேண்டாம், சைக்கிள் டியூபும் வேண்டாம். என் மாமனார், மச்சினன், எதிர் வீட்டுக்காரர் மூன்று பேருக்கும் அதுதான் வாங்கிக் கொடுத்தேன்.

அதுவும் வேண்டாமென்றால் பழைய ஐ3-யிலேயே ஒரு எஸ்எஸ்டி போட்டு, தூசி தட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓ.எஸ். ஏற்றிக் கொடுங்கள்.

ஓய்வு_டீச்சர்:

தம்பி, நான் பன்னிரண்டு வருடமாகக் காது மிஷின் போட்டவள். அப்பா சொல்வது பிரமை இல்லை. முதலில் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் எல்லோரும் "எங்களுக்குக் கேக்கலையே" என்று சொல்லும்போது வரும் ஆத்திரம் எனக்குத் தெரியும்.

வயதாகிப் போகும் காது பெரும்பாலும் மேல் ஸ்தாயியில்தான் முதலில் போகும். கீச்சுக் குரல், 'ச', 'ஸ' எழுத்துகள், பறவைச் சத்தம். காது மிஷின் அந்த இடத்தைத்தான் தூக்கிக் கொடுக்கும். அப்போது பேத்தியின் குரலோடு சேர்த்துக் கம்ப்யூட்டரின் கீச்சையும் தூக்கிக் கொடுக்கிறது. நம் காதுக்கு ஓரமாக நிற்கும் சத்தம் அவருக்கு நடுக்கூடத்தில் வந்து நிற்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு சத்தம் என்பதைவிட எந்த ஸ்தாயியில் சத்தம் என்பதுதான் கேள்வி.

அதனால்தான் மேலே சொன்ன குட்டிப் பெட்டி விஷயத்தில் எனக்குத் தயக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு இறக்கை உள்ள பெரிய ஃபேன் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றினால், இறக்கைகள் நொடிக்கு 105 தடவை காற்றை வெட்டும். அது அடித் தொண்டை முனகல். ஒன்பது இறக்கையுள்ள குட்டி ஃபேன் 5000 சுற்றில் ஓடினால் 750, அதற்கு மேல் அதன் கிளைச் சத்தங்கள் வேறு. சும்மா இருக்கும்போது குட்டிப் பெட்டி சமர்த்தாகத்தான் இருக்கும். வீடியோ கால் போட்டதும்தான் அதன் குணம் தெரியும். உங்கள் அப்பாவுக்கு வேண்டியதே வீடியோ கால்.

ஒரு வேலை செய்யுங்கள். போனில் ஒலி அலைவரிசையைப் படமாகக் காட்டும் இலவச செயலி ஏதாவது போட்டுக்கொண்டு, பழைய பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு ஃபேனாகக் கழற்றி ஆன் செய்து பாருங்கள். பிராசசர் ஃபேனை மட்டும் கழற்ற வேண்டாம். செயலியின் படத்தில் ஒவ்வொரு சத்தமும் முள் மாதிரி எழும், எந்த முள் எப்போது மறைகிறது என்று பாருங்கள். அதைவிட நல்ல கருவி அப்பாவின் காது, பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பழசே_போதும்:

டீச்சர் சொன்னால் சரி. என் மாமனாருக்குக் காது பாம்புக் காது, அதனால் இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை.

கும்மோணத்தான்:

பொங்கல் முடிந்து திரும்பிவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

போன அன்றே பழைய பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு முழு எறும்புப் புற்றுக்கு வேண்டிய மண்ணும், காய்ந்துபோன பல்லி ஒன்றும். அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திண்ணைக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். திண்ணையில் ஸ்டூல் போட்டு, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து டீச்சர் சொன்ன சோதனையை ஆரம்பித்தேன். கேபினட் ஃபேனைக் கழற்றினேன். "இருக்கு." ஹார்டு டிஸ்கைக் கழற்றினேன். "ஒரு உறுமல் போச்சு. வண்டு இருக்கு." அந்த உறுமல் செயலியில் நொடிக்கு 120 அதிர்வுக்கு நேராக நின்றிருந்தது, நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்குக்குச் சரியான கணக்கு. மிச்சம் இருந்தது பிராசசர் ஃபேனும் எஸ்எம்பிஎஸ்ஸும். எஸ்எம்பிஎஸ்ஸின் குட்டி ஃபேன் கம்பி வலையில் போனை வைத்ததும் மேலே வலது பக்கம் ஊசி மாதிரி ஒரு முள் எழுந்தது. அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்து, "இவன்தான்" என்றார். பதின்மூன்று வருடம் கூட இருந்தவனைக் காட்டிக்கொடுத்த முகபாவம்.

மறுநாள் சென்னையிலிருந்து வாங்கி வந்ததை வைத்து அசெம்பிள் செய்தோம். எஃப் இல்லாத ஐ3-12100, எச்610 டிடிஆர்4 போர்டு, 8 ஜிபி ஒரே குச்சி, 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி, 120 எம்எம் ஃபேன் உள்ள 450 வாட்ஸ் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ், லைட்டே இல்லாத கறுப்புத் தகர கேபினட். 31,700 ஆனது. மேலே போன 1,700 ராமின் புண்ணியம். லைட் இல்லாத கேபினட் கேட்டதற்குக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்த் தூசி தட்டி எடுத்து வந்தார்.

பயாஸில்தான் அதிக நேரம் போனது. பிராசசரோடு வரும் கூலரே போதுமாக இருந்தது. 60 டிகிரி வரை ஃபேன் 30 சதவீதத்தில் அசையாமல் நிற்கும்படியும், அதற்கு மேல்தான் ஏறும்படியும் வைத்தேன். முதலில் போர்டு வைத்திருந்த கணக்கில் ஒரு டேப் திறந்தால்கூட ஃபேன் விர்ரென்று ஏறி இறங்கியது. அப்பா ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பிப் பார்த்தார். ஒரே சீராக இருக்கும் சத்தம் காதுக்குப் பழகிவிடுகிறது, ஏறி இறங்குவதுதான் ஆளைக் கொல்கிறது. ஏறுவதற்கு முன் சில நொடி பொறுக்கச் சொல்லும் அமைப்பு ஒன்று பயாஸில் இருந்தது, அதையும் போட்டுவிட்டேன். பிராசசர் வேகம் கூட்ட 89 வாட்ஸ் வரை பாயக்கூடிய டர்போவை 60-லேயே கட்டிவைத்தேன், வேகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அரை மணி வீடியோ கால் ஓட்டியும் 48 டிகிரியைத் தாண்டவில்லை. இது தை மாதக் கணக்கு. சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆன் செய்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "கரன்ட் இருக்கா?"

மிஷினைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தமிழ் 99 கீபோர்டு விண்டோஸ் 11-லேயே இருக்கிறது, அதையும் வைத்துக் கொடுத்தேன். கோயில் கணக்கில் 'நிவேதனம்' என்று அடித்துப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி எட்டு மணிக்கு, "வந்துருச்சுடா" என்கிறார். இந்தத் தடவை சிள்வண்டு இல்லையாம், உம்ம்ம் என்று டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறதாம். போனை வைத்துப் பார்த்தேன். செயலியில் ஒன்றுமே இல்லை, முள் படுத்துக் கிடக்கிறது. கம்ப்யூட்டரை ஆஃப் செய்தேன். "இன்னும் இருக்கு" என்கிறார்! மறுநாள் காலையில் இல்லை. மத்தியானம் கச்சேரி கேட்டார், இல்லை. ராத்திரி ஏழரைக்கு மறுபடி. வோல்டேஜ் பிரச்சினையோ என்று பார்த்தேன், இரண்டு நேரமும் ஒரே மாதிரிதான். நான் ஊருக்குக் கிளம்புகிற அன்றும் இருந்தது. இப்போது நிஜமாகவே அவருக்குப் பிரமையோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டீச்சர் திட்ட வேண்டாம்.

ரிச்சி_வாசி:

கம்ப்யூட்டரை ஆஃப் செய்த பிறகும் வருகிற சத்தத்துக்கு என்னிடம் பயாஸ் இல்லை பாஸ். யுபிஎஸ் மாற்றினீர்களா?

கும்மோணத்தான்:

ஆமாம், பழைய யுபிஎஸ் பேட்டரி உப்பிப்போயிருந்தது. புதிதாக 600 விஏ வாங்கினேன். வீடு துடைக்கும்போது தண்ணீர் பட வேண்டாம் என்று அலமாரியின் மேல்தட்டில், மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆனால் அதில் காதை வைத்துக் கேட்டேன், சத்தமே இல்லை.

ஓய்வு_டீச்சர்:

தம்பி, திட்டுவதாகத்தான் இருந்தேன், கடைசி வரியைப் பார்த்து விட்டுவிட்டேன்.

மூன்று கேள்வி. அப்பாவுடைய மிஷின் காதுக்குப் பின்னால் மாட்டும் வகையா? அதில் புரோகிராம் மாற்ற ஒரு பட்டன் இருக்கிறதா? சாயங்காலம் அவர் போன் பேசுவாரா?

அந்த வகை மிஷின் பலவற்றில் டெலிகாயில் என்று குட்டிக் கம்பிச்சுருள் ஒன்று இருக்கும். போன் ரிசீவரிலிருந்து வரும் காந்த அலையை நேராகப் பிடித்துச் சத்தமாக்கும். லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது டிக்கெட் கவுன்டர்களில் காது படமும் 'டி' எழுத்தும் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன், அதுவும் இதற்காகத்தான். பட்டனை அழுத்தி அந்தப் புரோகிராமுக்குப் போனால் ரிசீவர் தெளிவாகக் கேட்கும். பேசி முடித்ததும் திரும்ப அழுத்த வேண்டும். மறந்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எதுவானாலும் அதையும் பிடிக்கும். யுபிஎஸ் உள்ளே இருப்பது டிரான்ஸ்ஃபார்மர். கம்ப்யூட்டர் ஆஃப் ஆனாலும் யுபிஎஸ் ஆனில்தானே இருக்கிறது! காற்றில் சத்தமே இல்லை, அதனால் உங்கள் காதுக்கும் கேட்காது, செயலிக்கும் தெரியாது. நீங்கள் அதைத் தலை உயரத்தில், ஒரு கை தூரத்தில் வேறு வைத்திருக்கிறீர்கள். சில மிஷினில் அந்தப் புரோகிராமிலும் மைக் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் பேத்தி குரலும் கேட்கும், உம்மும் கேட்கும். மாறியிருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

சோதனை சுலபம். உம் வரும்போது தலையை மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். திருப்பத் திருப்பக் கூடிக் குறைந்தால் டெலிகாயில்தான். அப்புறம் நாலு அடி தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

கும்மோணத்தான்:

டீச்சர், இப்போதுதான் வீடியோ காலில் பார்த்தேன்.

திருச்சி அத்தை தினமும் ஏழு மணிக்கு லேண்ட்லைனில் கூப்பிடுவார். கால் மணி நேரம் ஊர்க் கதை. அதற்காக அப்பா பட்டனை அழுத்துவார், போனை வைத்ததும் நேரே பேத்திக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருவார். தலையைத் திருப்பச் சொன்னேன். ஏதோ கோயிலில் சந்நிதியைச் சுற்றுகிற மாதிரி மெல்லத் திருப்பி, யுபிஎஸ் பக்கம் காது வந்ததும் கையைத் தூக்கி, "இங்க!" என்றார். பட்டனை அழுத்தினார். போய்விட்டது. திரும்ப அழுத்தினார், வந்தது. ஐந்தாறு தடவை அப்படியே விளையாடிக்கொண்டிருந்தார், என் பெண்ணும் அங்கிருந்தபடி ஒவ்வொரு தடவையும் "தாத்தா, இப்போ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா தன் பழைய பலகை மணையை எடுத்துக் கொடுத்தார். யுபிஎஸ்ஸை அலமாரியிலிருந்து இறக்கி, அறையின் அந்த மூலையில் மணை மேல் வைத்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்தாகிவிட்டது. இனி அவர் பட்டனை மறந்தாலும் பரவாயில்லை. ஒரே குறை, வீடு துடைக்கும்போது மணையைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது என்று அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டார்.

பழசே_போதும்:

பழைய எஸ்எம்பிஎஸ் என்ன ஆச்சு? தூக்கிப் போடுவதாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள், ஃபேனை மாற்றிப் பயன்படுத்திக்கொள்கிறேன்.